அத்தை இருக்கும் முதியோர் இல்லம்: பகலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று

கோயம்புத்தூர் பக்கம் கட்டணம் வாங்கி நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் என் அத்தை இருக்கிறார். இந்த முறை ஊருக்குப் போனபோது பகலில் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பாமல், அங்கேயே விருந்தினர் அறை எடுத்துத் தங்கினேன். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அப்பா அம்மாவை இப்படி ஓர் இடத்தில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இல்லத்தின் பெயரைச் சொல்லவில்லை, நான் பார்த்ததெல்லாம் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் நடக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தமாக இருக்கிறது. மூத்திர வாடை இல்லை, இது சின்ன விஷயமில்லை. அத்தைக்குப் பல் இல்லை என்பதால் சமையல்கார அம்மா இட்லியை ரசத்தில் ஊறவைத்து மசித்து அனுப்புகிறார், யாரும் சொல்லிச் செய்வதில்லை. வாரம் ஒருமுறை மருத்துவர் வருகிறார், பிசியோதெரபிக்கு ஒரு பையன் வருகிறான், வளாகத்துக்குள்ளேயே பிள்ளையார் கோயில் இருக்கிறது. அத்தை மகள் நியூஜெர்சியிலிருந்து தினமும் நம் நேரம் மாலை ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள், அவளுக்கு அது காலை ஒன்பதரை. அந்த நேரத்தில் அத்தை தலைவாரி, விபூதி வைத்து, பளிச்சென்று உட்கார்ந்திருப்பார். நானும் இத்தனை நாள் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்குப் பகல் ஆட்கள் கிளம்பினதும் கதை மாறிவிடுகிறது. அத்தை இருக்கும் தளத்தில் இருபத்து நாலு படுக்கை, அதில் பதின்மூன்று பேர் தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாதவர்கள், ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்ள இரண்டே பெண்கள். டயப்பர் மாற்றி, துடைத்து, புரட்டிப் படுக்க வைக்க ஒருவருக்குப் பத்து நிமிடம், அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து கை கொடுக்க வேண்டும், அப்படியென்றால் ஒரு சுற்று முடிக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் யாராவது மணி அடித்தால், யாராவது கீழே விழுந்தால், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், படுத்த படுக்கையாக இருப்பவர்களைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்பது நர்சிங்கில் பழைய பாடம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்த ஓட்டம் தடைப்பட்டால் அங்கே படுக்கைப் புண் வரும், வந்துவிட்டால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நீங்கள் போகும்போது வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, இந்த மூன்றையும் கட்டாயம் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை, அழுத்தியும் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ தட்டுப்படுகிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அத்தையின் இடது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது.

அத்தைக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க, பம்ப் வைத்துக் காற்றடிக்கும் ஏர் பெட் போட்டிருக்கிறார்கள், அதற்கு வாடகையும் தனியாக வாங்குகிறார்கள். பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த சாக்கெட்டில் யாரோ போன் சார்ஜர் சொருகியிருந்தார்கள். காற்று இறங்கின ஏர் பெட் வெறும் ரப்பர் ஷீட்தான். அப்புறம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையை எடுத்துப் பார்த்தேன். மணி அப்போது ஒன்பதுகூட ஆகவில்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு என்று விடிகிற வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் இடது, வலது, இடது, வலது என்று எழுதி, ஒரே பேனாவில் கையெழுத்தும் போட்டாயிற்று. ஏம்மா இப்படி என்று ராத்திரிப் பெண்களில் ஒருத்தியிடம் கேட்டேன். "காலைல எழுத நேரம் இருக்காதுக்கா, மேடம் வந்ததும் ஃபைலைத்தான் கேப்பாங்க" என்றாள். பொய் சொல்லவில்லை, ஒளிக்கவும் இல்லை, அதனால் அவள்மேல் கோபம்கூட வரவில்லை. ஃபைலைக் கேட்கிற மேடம் ஒரு நாள் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்திருந்தால் போதும்.

இதைவிட எனக்கு உறுத்தினது தண்ணீர் விஷயம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாருக்கும் தண்ணீரை நீட்டுவதில்லை, கேட்டால் ஒரு வாய். ராத்திரி டயப்பர் நனைவது குறையும் என்பதுதான் காரணம், அதையும் சாதாரணமாகச் சொன்னார்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, நாமாகக் கொடுத்தால்தான் குடிப்பார்கள். உடம்பில் தண்ணீர் வற்றினாலோ சிறுநீரில் கிருமி சேர்ந்தாலோ வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீரென்று மனக்குழப்பம் வரலாம். செத்துப்போனவர்களோடு பேசுவார்கள், துணியைப் பிடித்து இழுப்பார்கள், ராத்திரி முழுக்கக் கத்துவார்கள். ஏற்கெனவே ஞாபக மறதி இருப்பவர் என்றால் "மறதி முத்திப்போச்சு" என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் மறதி மெல்ல மெல்லத்தான் ஏறும், இரண்டு நாளில் ஆளே மாறிவிட்டால் முதலில் வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அத்தைக்கும் சில மாதங்களுக்கு முன்னால் அப்படி ஆகியிருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனை எதுவும் ஃபைலில் இல்லை. க்வெட்டியாபின் என்று மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், அது இன்றுவரை ஓடுகிறது. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. கொடுக்கவே கூடாது என்றில்லை, ஆனால் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவர் வந்த அன்று கேட்டேன். கோபப்படவில்லை, திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைப்போம் என்றார், குறைக்கவும் ஆரம்பித்தார். எனவே நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், கேட்டுவிட்டு வாருங்கள்.

இடுப்பெலும்பு உடைந்து அறுவை சிகிச்சை ஆன பிறகும் அத்தையால் வாக்கர் பிடித்து, ஒரு ஆள் கூட வந்தால், கழிப்பறை வரை நடக்க முடியும். ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் இருக்கும்போதே "சாமி, பாத்ரூம் போகோணும்" என்றார். "டயப்பர் போட்டிருக்குல்ல பாட்டி, அதுலயே போங்க" என்று பதில் வந்தது, சிரித்த முகத்தோடுதான். அத்தை முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர். நான் எழுந்து கூட்டிப்போனேன். இப்படியே டயப்பரில் விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் அந்தப் பத்தடி நடையும் போய்விடும்.

நான் இருப்பது இங்கிலாந்தில். அங்கே இல்லங்களை ஆய்வு செய்ய கேர் குவாலிட்டி கமிஷன் என்று ஓர் அரசு சார்ந்த அமைப்பு இருக்கிறது. சொல்லாமல்கூட வந்து பார்ப்பார்கள், மதிப்பீட்டை இல்லத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று 2015 முதல் கட்டாயம். அதனால் அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள், ஆள் பற்றாக்குறையில் திணறும் இல்லங்கள் அங்கேயும் உண்டு. இங்கிருந்துதான் அங்கே ஆள் போனார்கள் என்பது தனி வேடிக்கை. பகலில் அத்தையைப் பார்த்துக்கொள்ளும் தேனிப் பெண், அந்தத் தளத்திலேயே கைத்திறமை உள்ளவள், தனியாக என்னிடம் வந்து "அக்கா, யூகேல கேர் விசா இப்பக் கிடைக்குமா?" என்று கேட்டாள். முதியோர் பராமரிப்பு வேலைக்கான அந்த விசாவை 2022இல் திறந்தார்கள், 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். ஒரு ஏஜென்ட் பணம் கேட்டிருக்கிறானாம். கொடுக்காதே என்றேன். அவள் போகாவிட்டால் அத்தைக்கு நல்லது என்று எனக்குள் ஓடினது உண்மைதான், ஆனால் அவளுக்கு இங்கே கொடுக்கும் சம்பளத்தைக் கேட்டபிறகு அதை வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் ஊரில் 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேராவது தங்கும்படி முதியோர் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகவும் வழி இருக்கிறது. கட்டணம் வாங்கும் இல்லத்தில் ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று அந்தச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. 14567 என்று மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் இருக்கிறது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் ராத்திரி ஆள் கணக்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவதுதான் கையில் இருக்கும் ஒரே பிடி. கோயில் இருக்கிறதா, நூலகம் இருக்கிறதா என்பதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன் நிர்வாகியோடு உட்கார்ந்து பேசினேன். பம்புக்குத் தனி சாக்கெட், சாயங்காலத் தண்ணீர், பகலில் நடத்திக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, மூன்றுக்கும் சரி என்றார், சாக்கெட் மறுநாளே வந்துவிட்டது. ராத்திரிக்கு மூன்றாவது ஆள் பற்றிக் கேட்டதற்குக் கட்டணத்தை ஏற்ற வேண்டி வரும் என்றார். நியாயமான பதில்தான், மற்ற குடும்பங்களிடமும் கேளுங்கள், நாங்கள் தயார் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னொன்றும் கேட்டேன்: அத்தை மகள் இனிமேல் அவள் நேரம் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவாள், இங்கே விடிகாலை ஐந்தரை, ராத்திரி ஆட்கள் இருக்கும்போதே போனை எடுத்துக் குதிகாலைக் காட்ட வேண்டும். "அந்த நேரத்துல பெரியவங்க தூங்குவாங்களே மேடம்" என்றார். தூங்கட்டும், எங்களுக்குக் கால் தெரிந்தால் போதும் என்றேன். வாரத்துக்கு இரண்டு நாள் என்று பேசி முடித்திருக்கிறோம்.