காந்தி நகர் லேபில் ஹார்மோன் டெஸ்ட்: சாம்பிளில் குறையில்லை, புக்கிங்கில்தான் கவனம் வேண்டும்

காட்பாடி காந்தி நகரில் இருந்து வீட்டுக்கே ஆள் அனுப்பும் இந்தச் சின்ன லேப், ரத்தம் எடுப்பதில் சுத்தம். மஞ்சள் மூடி ஜெல் டியூபில் எடுத்து, ஐந்தாறு முறை மெதுவாகக் கவிழ்த்து, அரை மணி நேரம் உறையவிட்டு, சென்டரிலேயே மெஷினில் சுற்றி, தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்த பிறகுதான் ஐஸ் பேக்கோடு சென்னைக்கு அனுப்புகிறார்கள். வேலூர் வெயிலில் பிரிக்காமல் அனுப்பினால் அணுக்கள் உடைந்து சாம்பிள் வீணாகிவிடும். மறுபடி கையை நீட்ட வேண்டியதுதான்.

குறை, குழந்தைப்பேற்றுக்காகப் பார்க்கும் ஹார்மோன் பேக்கேஜில் இருக்கிறது. முட்டை வளர்ச்சியைச் சொல்லும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், எஸ்ட்ரடையால், முட்டை வெடித்த பிறகு ஏறும் புரோஜெஸ்டிரான், முட்டை இருப்பைச் சொல்லும் ஏஎம்ஹெச், பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் என ஏழுக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுக்கிறார்கள். கடைசியாகத் தலைக்கு ஊற்றியது எப்போது என்று ஒரு கேள்விகூட இல்லை. முதல் மூன்றையும் பீரியட்ஸ் வந்த 2 அல்லது 3-ம் நாள் பார்க்க வேண்டும். புரோஜெஸ்டிரானை அடுத்த பீரியட்ஸுக்கு 7 நாள் முன்னால் பார்க்க வேண்டும்: 28 நாளுக்கு ஒருமுறை வருபவர்களுக்கு 21-ம் நாள், 35 நாள் என்றால் 28-ம் நாள். 3-ம் நாளில் எடுத்தால் யாருக்கும் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து "முட்டையே வெடிக்கலை" என்று எத்தனை பெண்கள் அழுகிறார்கள்! புரோஜெஸ்டிரானைத் தனியாக இன்னொரு நாளில் எடுக்கச் சொல்லுங்கள், கேட்டால் மறுப்பதில்லை. ஏஎம்ஹெச் எந்த நாளிலும் பார்க்கலாம்.

காலை 6 மணிக்கு வரச் சொல்லாதீர்கள். புரோலாக்டின் தூக்கத்தில் ஏறும். எழுந்து 2, 3 மணி நேரம் ஆன பிறகு கொடுப்பதே சரி. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டு 2, 3 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சில மெஷின்களில் அது டிஎஸ்ஹெச்சையும், கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா ஹெச்சிஜியையும் குறைத்துக் காட்டும், புரோஜெஸ்டிரானைக் கூட்டிக் காட்டும்.

நாள் தள்ளிப்போய் பீட்டா ஹெச்சிஜி பார்ப்பவர்களுக்கு: 5-க்குக் கீழே என்றால் கர்ப்பம் இல்லை, 25-க்கு மேல் என்றால் கர்ப்பம், நடுவில் நின்றால் 48 மணி நேரம் கழித்து இதே லேபில் மறுபடி கொடுங்கள். லேப் மாறினால் கிட் மாறும், எண்ணும் மாறும். முதல் எண் 1500-க்குள் இருந்தால் 48 மணி நேரத்தில் ஏறத்தாழ 49 சதவீதம் ஏறினாலே போதும். டபுள் ஆகவில்லை என்று உடைந்துபோக வேண்டாம். முட்டை வெடிக்க ஹெச்சிஜி ஊசி போட்டவர்கள் 14 நாளாவது பொறுக்க வேண்டும், இல்லையென்றால் ஊசி மருந்தே பாசிட்டிவ் காட்டும். ஒரு பக்க வயிற்று வலி, மயக்கம், ரத்தப்போக்கு இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதில்லை. அதனால் முதல் பீட்டாவை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள்.