ஐந்தாம் மாதப் பயணமும் அடைத்துக்கொண்ட காதும்

கர்ப்பமாக இருக்கும்போது ஊருக்குக் கிளம்பினால் கால் வீக்கம், வாந்தி, நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பது என்று எல்லாவற்றையும் பற்றி எச்சரிக்கிறார்கள். காதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இந்தப் பயணத்தில் என்னை அதிகம் அலையவைத்தது காதுதான். விமானத்தில், மருந்துக்கடையில், மருத்துவமனையில் யார் என்ன செய்தார்கள், எது உதவியது, எது உதவவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் கிளம்பும் முன் படித்துவிட்டால் நல்லது.

எனக்கு ஐந்தாம் மாதம் முடியும் நேரம். பல வாரங்களாகவே மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தும்மல்கூட இல்லை. படுத்தால் மட்டும் வாயால் மூச்சு விட வேண்டியிருக்கும். விமானம் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கத் தொடங்கியதும் வலது காது இறுகியது, வலித்தது, தரை தொட்ட பிறகும் திறக்கவில்லை. என் குரலே எனக்குக் குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்டது.

அந்த நேரத்தில் உதவியவர் ஒரு விமானப் பணிப்பெண். இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே வந்து எழுப்பினார். "தூங்கிடாதீங்க மேடம், கீழ போய்ச் சேர்ற வரைக்கும் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிட்டே இருங்க" என்று சொல்லி, ஒரு பாட்டில் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போனார். இடது காது தப்பித்தது அவரால்தான் என்று நினைக்கிறேன். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். ஏறும்போது நடுச்செவியில், அதாவது செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சிறு அறையில், உள்ள காற்று விரிந்து தானே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும், அது தானாக நடக்காது. நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேகியன் குழாய் ஏறக்குறைய 3.5 சென்டிமீட்டர் நீளம். சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் ஒரு நொடி திறக்கும். தூக்கத்தில் நாம் விழுங்குவது குறைவு. அழுத்த வித்தியாசம் ரொம்பவும் கூடிவிட்டால் குழாயின் வாய் ஒட்டிக்கொண்டு, விழுங்கினாலும் திறக்காது. அதனால்தான் வலி வந்த பிறகு குடிக்காமல், வருமுன்பே குடிக்கத் தொடங்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் இரண்டொரு நாள் பார்த்தோம். திறக்கவில்லை. முதலில் போன இடத்தில் எனக்குத் திருப்தியில்லை. காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், காதுக்குச் சொட்டு மருந்தும் மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பம் என்பது வயிற்றைப் பார்த்தாலே தெரியும், ஆனாலும் எத்தனை மாதம் என்று யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் மருந்துக்கடையில் இருந்த பெண். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தனை மாசம்க்கா? பி.பி. பார்த்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். மாத்திரையை எடுக்காமல், "இத உங்க லேடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, நான் எடுத்து வைக்கிறேன்" என்றார். விற்றுவிட்டுப் போவதுதான் அவருக்கு எளிது. அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். மூக்கைத் திறக்கும் அந்த வகை மாத்திரைகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வேலை செய்பவை. மூக்கில் மட்டும் சுருக்கிவிட்டு நிற்பதில்லை, பி.பி.யையும் ஏற்றலாம். முதல் மூன்று மாதங்களில் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பி.பி. உள்ள கர்ப்பிணிகளுக்கு எந்த மாதத்திலும் ஆகாது.

சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. காதுக்குள் விடும் மருந்தோ எண்ணெயோ செவிப்பறை வரைக்கும்தான் போகும். கர்ப்ப காலத்தில் காதில் கோத்துக்கொள்ளும் நீர் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. முன்வாசலில் என்ன ஊற்றினாலும் அது அங்கே போய்ச் சேராது. அந்த நீருக்கு வழி மூக்கின் பக்கம்தான். வெளிக்காதில் அழுக்குக் கட்டி அடைத்திருந்தால் சொட்டு மருந்து உதவும், சரி. ஆனால் அழுக்கா நீரா என்பது பார்த்தால்தானே தெரியும்?

பிறகு அண்ணி ஒரு இ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். உள்ளே போனதும் பி.பி. பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். கர்ப்பிணி என்பதால் வரிசையில் முன்னால் விட்டார்கள். முதுகைச் சாய்க்க வசதியான நாற்காலி இல்லை என்பது மட்டும் குறை.

டாக்டரம்மா கருவியைக் கையில் எடுக்கும் முன் நிறையக் கேட்டார். "உங்க மூச்சுச் சத்தம் உங்களுக்கே காதுக்குள்ள கேக்குதாம்மா? படுத்தா நல்லா இருக்கா, இல்ல இன்னும் அடைக்குதா? இரைச்சல் இருக்கா? தலை சுத்துதா? ஒரு காதா, ரெண்டுமா?" ஏன் இதையெல்லாம் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். கர்ப்ப காலத்தில் 'காது அடைக்கிறது' என்று வருபவர்களில் இரண்டு நேரெதிர் விஷயங்கள் உண்டு. ஒன்று, அந்த யூஸ்டேகியன் குழாய் வீங்கி மூடிக்கொள்வது. மற்றது, குழாய் மூடாமல் திறந்தே கிடப்பது. திறந்து கிடந்தால் சொந்த மூச்சும் குரலும் காதுக்குள் முழங்கும். படுத்தாலோ தலையைக் குனிந்தாலோ குழாயைச் சுற்றி ரத்தம் தேங்கி அது மூடிக்கொள்ளும், உடனே நிம்மதி கிடைக்கும். மூடிக்கொண்ட காதுக்கோ படுத்தால் தொல்லை கூடும். இரண்டிலும் காது நிறைந்ததுபோல இருப்பதால் வெளியே சொல்லும்போது ஒன்றுபோலவே இருக்கும். திறந்து கிடக்கும் குழாய்க்கு மூக்கடைப்பு மருந்து கொடுத்தால் இன்னும் மோசமாகும்.

பக்கத்தில் இருந்த அண்ணி, "டாக்டர், எனக்கு ரெண்டாவது பிள்ளை வயித்துல இருந்தப்ப அப்படித்தான், மூச்சு விட்டா காதுல புயலடிக்கும், படுத்தா நின்னுடும்" என்றார். அப்போது மூக்கில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார்களாம், தீரவே இல்லையாம். டாக்டரம்மா தலையாட்டினார். குழந்தை பிறந்த பிறகு அது தானே போய்விட்டது என்றார் அண்ணி. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

என்னுடையது மூடிக்கொண்ட வகை. விளக்கு வைத்துப் பார்த்தபோது வலது செவிப்பறை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பதையும், பின்னால் மஞ்சளாக நீரும் அதில் குமிழிகளும் தெரிவதையும் திரையில் காட்டினார். ட்யூனிங் ஃபோர்க்கை, அதாவது தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையை, தட்டி நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குது?" என்றார். அடைத்த பக்கம்தான் பலமாகக் கேட்டது. அதுதான் நல்ல செய்தி. காது நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் நல்ல காதின் பக்கம் கேட்டிருக்கும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போகும் நரம்புக் கோளாறும் முதலில் வெறும் அடைப்பு மாதிரிதான் தெரியும். அதற்கு ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, வாரக்கணக்கில் காத்திருந்தால் பலன் குறைந்துவிடும். கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லி அனுப்பிவிடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

அடுத்து டிம்பனோமெட்ரி, அதாவது காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று அளக்கும் சோதனை. ஒரு தம்பி மெத்தென்ற ரப்பர் முனையைக் காதில் பொருத்தினார். "அக்கா, ஆடாம இருங்க, எச்சில் முழுங்காதீங்க, பேசாதீங்க." மெல்லிய ரீங்காரம் கேட்டது, காதுக்குள் காற்று அழுத்தி, பிறகு இழுத்தது, அவ்வளவுதான். சில நொடி வேலை. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. தாளில் இரண்டு கோடுகள் வந்தன. செவிப்பறை ஒழுங்காக அசைந்தால் கோடு பூஜ்ஜிய அழுத்தத்துக்கு அருகே மேலெழுந்து இறங்கும், அதை ஏ வகை என்கிறார்கள். என் வலது காதின் கோடு எழும்பவே இல்லை, தட்டையாக இருந்தது. பி வகை, அதாவது பின்னால் நீர். இடது காதில் கோடு எழுந்தது, ஆனால் எதிர்மறை அழுத்தப் பக்கம் தள்ளி எழுந்தது. சி வகை. நீர் இன்னும் சேரவில்லை, ஆனால் குழாய் சரியாகத் திறப்பதில்லை என்று அர்த்தம்.

கர்ப்பத்தில் இது ஏன் வருகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, ஹார்மோன்களால் மூக்கின் உள்தோல் வீங்குகிறது. கிருமியோ அலர்ஜியோ இல்லாமல் 6 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இந்த மூக்கடைப்பு, பிரசவமாகி 2 வாரங்களுக்குள் மறைந்துவிடும். வீக்கம் யூஸ்டேகியன் குழாயின் வாயையும் பிடித்துக்கொள்ளும். நடுச்செவியில் உள்ள காற்றைத் தோல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், புதுக் காற்று வராது, அழுத்தம் குறையும், செவிப்பறை உள்ளே இழுபடும், கடைசியில் தோலிலிருந்து நீர் கசிந்து இடத்தை நிரப்பும். என் மூக்கு ஏற்கெனவே இந்த நிலையில் இருந்ததால் விமானம் இறங்கியது மிச்ச வேலையை முடித்துவிட்டது.

சிகிச்சை என்று அவர் சொன்னதில் மருந்து குறைவுதான். முதலாவது, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீராகவே இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. ஒரு நர்ஸ் என்னைத் தொட்டியருகே நிறுத்திச் செய்துகாட்டினார். முன்னால் குனிந்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டே, ஒரு மூக்கில் மெதுவாக விட்டால் மறு மூக்கு வழியாக வழிகிறது. வாயை மூடினால்தான் புரையேறும், அழுத்தி விட்டால்தான் காதுக்குள் குத்தும். முடிந்ததும் இரண்டு மூக்கையும் சேர்த்துப் பிடித்துச் சிந்தக் கூடாது, ஒவ்வொன்றாக மெல்லச் சிந்த வேண்டும். இந்த ஒரு நர்ஸ் செலவழித்த நேரம்தான் எனக்குக் கிடைத்த சேவைகளிலேயே சிறந்தது.

இரவில் தலைமாட்டை உயர்த்திக்கொண்டு இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள். நடைபயிற்சி மூக்கைத் திறக்கும், அதை நான் நேரிலேயே உணர்ந்தேன். காதைத் திறக்க, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீரை விழுங்குவது. மூக்கைப் பிடித்து ஊதுவதும் உண்டு, ஆனால் கன்னம் லேசாக உப்பும் அளவுக்கு மேல் முக்கி ஊதக் கூடாது. காதும் தாங்காது, கர்ப்பத்தில் அந்த முக்கலும் வேண்டாம். மூக்கால் ஊதும் சிறு பலூன் ஒன்றையும் காட்டினார்கள், அதுவும் இதே வேலையை அளவோடு செய்வது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே பற்றிக் கேட்டேன். அலர்ஜி இருந்தால் கொடுக்கலாம், இந்த வகை மூக்கடைப்புக்குப் பெரிதாகப் பலன் இருக்காது என்றார் டாக்டரம்மா. உடனே மூக்கைத் திறக்கும் ஸ்ப்ரேக்களைச் சில நாட்களுக்கு மேல் அடித்தால் மூக்கு அதற்கே பழகி முன்னைவிட அதிகமாக அடைக்கும் என்பதையும் அழுத்திச் சொன்னார். கர்ப்ப காலம் முழுக்க நீடிக்கக்கூடிய அடைப்புக்கு அது ஒத்துவராது.

செவிப்பறையில் சிறு துளையிட்டு நீரை எடுத்துவிட முடியாதா என்று அண்ணி கேட்டார். முடியும், மரத்துப்போகும் மருந்து மட்டும் வைத்தே செய்யலாமாம். ஆனால் நீர் 3 மாதம் தாண்டியும் வடியாவிட்டால்தான் அந்தப் பேச்சு. அதிலும் ஒரே காதில் மட்டும் நீர் நின்றால், மூக்கின் பின்பகுதியைக் கேமரா வைத்துப் பார்த்தாக வேண்டும், அங்கே வேறு எதுவும் அடைக்கவில்லை என்று உறுதி செய்ய.

திரும்பும் பயணம் பற்றித்தான் எனக்குப் பயம் இருந்தது. இங்கே டாக்டரம்மா சொன்னது நான் எதிர்பாராதது. நீர் முழுதாக நிறைந்த காதில் விரிந்து சுருங்கக் காற்றே இல்லை, அதனால் விமானத்தில் அது அவ்வளவாகத் தொல்லை தராது. பாதி வேலை செய்யும் இடது காதைத்தான் கவனிக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் வந்து மறுபடி அளந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். போனேன். இடது காதின் கோடு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. பல விமான நிறுவனங்கள் 28 வாரங்களுக்கு மேல் மருத்துவர் சான்று கேட்கும். எனக்கு அந்தக் கட்டம் வரவில்லை, இருந்தாலும் மகப்பேறு டாக்டரிடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டேன்.

மருத்துவமனையில் ஒன்றை மட்டும் நானாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. டிம்பனோமெட்ரி தாள்கள். கோப்பில் செருகிவைத்துவிடுவது அவர்கள் வழக்கம். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்களுக்கு அதைக் கேட்காமலேயே கொடுக்க வேண்டும். நான் வசிக்கும் இடத்து டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். பழைய கோடும் புதுக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வடிகிறதா தேங்குகிறதா என்று சொல்ல முடியும்.

எதற்காக உடனே ஓட வேண்டும் என்று டாக்டரம்மா தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்துவிடுகிறேன். காது திடீரென்று கேட்காமல் போனால், பூமி சுற்றுவதுபோல் தலை சுற்றினால், காதிலிருந்து சீழோ ரத்தமோ வந்தால், காய்ச்சலோடு காது வலித்தால் அன்றைக்கே இ.என்.டி. டாக்டரைப் பார்க்க வேண்டும். 20 வாரங்களுக்குப் பிறகு காது இரைச்சலோடு கடும் தலைவலி, கண்ணில் மின்னல், முகத்தில் வீக்கம் வந்தால் காதை விட்டுவிட்டு முதலில் பி.பி. பார்க்கவும், மகப்பேறு மருத்துவமனைக்குப் போகவும்.

திரும்பிப் பறந்தபோது வலது காது அவர் சொன்னபடியே பேசாமல் இருந்தது. இடது காதுக்காக இறங்கும் நேரம் முழுக்க விழித்திருந்து தண்ணீர் குடித்தேன். அடுத்த மாதப் பரிசோதனையில் வலது காதின் கோடு முதன்முறையாகச் சற்றே எழுந்தது. முழுக்கத் திறந்தது மகள் பிறந்த பிறகு, மூக்கடைப்பு நீங்கிய அதே சமயத்தில்.