கம்பெனிக்கு ஒரே நேரமா, சைட்டுக்கு ஒரு நேரமா?

பொக்லைன், ஜேசிபி, டிப்பர், ரோலர் என்று எங்களிடம் பதினாலு வண்டிகள். எந்த வண்டி எங்கே இருக்கிறது, இன்ஜின் எப்போது ஓடுகிறது என்று கிருஷ்ணகிரி ஆபீஸில் இருந்து கவனிக்கும் மென்பொருளில் வேலை நேரம் போடுவது என் பொறுப்பு. கம்பெனி முழுக்க ஒரே நேரம், சைட்டுக்குச் சைட் தனி நேரம், வண்டிக்கு வண்டி தனி நேரம் என மூன்று விதமாகப் போடலாம். மூன்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. என் ஓட்டு சைட் நேரத்துக்குத்தான்.

ஒரே நேரம் போடுவது சுலபம். காலை 8 முதல் மாலை 6 என்று ஒருமுறை அடித்தால் முடிந்தது. ஒரே ஊரில் ஒரே மாதிரி வேலை எடுப்பவருக்கு அது போதும். எங்களுக்கு ஓசூரில் தொழிற்சாலை அஸ்திவாரம், தர்மபுரி பக்கம் ரோடு வேலை. ஓசூர் குளிரில் எட்டரைக்கு முன் மண்வெட்டி அசையாது. தர்மபுரியில் சித்திரை வெயிலுக்குப் பயந்து 6 மணிக்கே ஆரம்பித்து, 12-க்கு நிறுத்தி, மறுபடி 3 முதல் 6 வரை ஓட்டுவோம்.

விளைவு, தினமும் காலை 6-க்கு 'வேலை நேரத்துக்கு வெளியே இன்ஜின் ஓடுகிறது' என்று தர்மபுரி வண்டிகளிடமிருந்து மெசேஜ். பத்து நாளில் அதைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். அப்படி ஒரு ராத்திரி 1.40-க்கு வந்த மெசேஜும் திறக்காமல் கிடந்தது. காலையில் ஜேசிபியின் மீட்டரில் மூன்று மணி நேரம் கூடியிருந்தது. பக்கெட்டில் ஈரச் செம்மண். எங்கள் சைட்டில் செம்மண்ணே கிடையாது. வண்டி யாருடைய வயலுக்கோ போய் வந்திருக்கிறது.

டீசல் போனதைவிடப் பெரிய நஷ்டம் கணக்கில்தான். வண்டி எத்தனை சதவீதம் உழைத்தது என்பது, ஓடிய நேரத்தை வேலை நேரத்தால் வகுத்து வருவது. 6 மணி நேரம் ஓடிய வண்டி, 24 மணி நேரத்தால் வகுத்தால் 25 சதவீதம், 8 மணி நேரத்தால் வகுத்தால் 75. அதே தர்மபுரி வண்டியைப் பாருங்கள். நிஜத்தில் முழு 9 மணி நேரம் உழைக்கிறது. 8 முதல் 6 வரை என்று போட்டிருந்தால், அதற்குள் ஓடியது 7 மணி நேரம்தான். நேரத்துக்குள் ஓடியதை மட்டும் எண்ணும் மென்பொருள் 70 சதவீதம் என்று சொல்லும். அந்த எண்ணை நம்பி முதலாளி வண்டியை வேறு சைட்டுக்கு மாற்றினால், தர்மபுரியில் வாடகை வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

வண்டிக்குத் தனி நேரம் போட்டால் கணக்கு துல்லியமாக வரும், ஆனால் நிற்காது. ஓசூர் வண்டி டிரெய்லரில் ஏறி தர்மபுரியில் இறங்கினாலும் ஓசூர் நேரத்தையே சுமந்து வரும். யாராவது ஞாபகமாக மாற்ற வேண்டும். சைட் நேரத்தில் அந்தத் தொல்லை இல்லை. மேப்பில் சைட்டைச் சுற்றிப் போட்ட எல்லைக்குள் வண்டி நுழைந்ததும் அந்த சைட்டின் நேரம் ஒட்டிக்கொள்கிறது. குழியில் ஊறும் தண்ணீரை ராத்திரி முழுக்க இறைக்கும் பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் மட்டும் தனி நேரம் போட்டிருக்கிறேன்.

சைட் நேரத்திலும் இடறும் இடங்கள் உண்டு. ராத்திரி 8 முதல் காலை 6 வரை என்று போட்டால், முடிவு நேரம் முன்னால் இருக்கிறதே என்று சில மென்பொருள்கள் ஏற்காது. 8 முதல் 12, 12 முதல் 6 என இரண்டாக உடைக்க வேண்டும். அப்புறம் ஒரு ஷிப்ட் இரண்டு தேதியில் விழும். குடியிருப்பை ஒட்டிய சைட் என்றால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை இராக்காலம். அங்கே 10-க்கே மூடிவிடுகிறோம். ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல் பக்கம் ஆள் கிடைக்காது, அதையும் விடுமுறையாகக் குறித்துவிடுவேன்.

அப்புறம் நேர மண்டலம். இந்திய நேரம் தேர்ந்தெடுக்காமல் விட்டால், மென்பொருள் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தை (UTC) எடுத்துக்கொண்டு, காலை 8 மணி, 2.30 என்று பதிவாகலாம். புது சைட் சேர்த்த முதல் நாளே ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "அண்ணா, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி மணி சொல்லுங்க" என்று கேட்டு, திரையில் வரும் நேரத்தோடு ஒத்துப் பார்க்கிறேன்.