முள் நடுவில் நிற்பதில்லை

சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்க்கக் கொடுத்திருந்த என் பழைய டியூனர், அதாவது பண்பலை நிலையங்களைப் பிடிக்கும் பெட்டி, பத்து நாள் கழித்து நேற்று மாலை வீடு திரும்பியது. காய்ந்துபோன கண்டென்சர்களையும் டயல் விளக்குகளையும் மாற்றியதற்கு 2,400 ரூபாய். இரவே 101.4 மெகாஹெர்ட்ஸில் வரும் ரெயின்போ நிலையத்தில் வைத்தேன். நிலையம் சரியாகப் பிடிபட்டிருக்கிறதா என்று காட்டும் முள் கச்சிதமாக நடுவில் நின்றது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு நூல் அளவு இடப்பக்கம் விலகியிருக்கிறது.

நான்கு ஆண்டுகளாக என்னை வாட்டும் குறை இது ஒன்றுதான். காரணம் தெரியாமல் இல்லை. 101.4-ஐப் பிடிக்க உள்ளே அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் என்ற சுற்று 112.1 மெகாஹெர்ட்ஸில் இயங்க வேண்டும். நிலையத்துக்கும் அதற்கும் எப்போதும் 10.7 இடைவெளி. அந்த இடைவெளியைக் காக்கக் குவார்ட்ஸ் படிகம் எதுவும் இதில் கிடையாது. காயில் என்ற கம்பிச்சுருள் ஒன்றும் கண்டென்சரும்தான். பெட்டி சூடேற ஏற அவற்றின் அளவு சற்றே மாறுகிறது, அலைவரிசை நழுவுகிறது. மார்கழியில் பொறுத்துக்கொள்ளலாம். அக்னி நட்சத்திரத்தில் 'ச' வரும் சொல்லெல்லாம் கரகரக்கும். எழுந்துபோய்த் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அதே கதை. இதற்கா இவ்வளவு செலவு செய்தேன் என்று ஆத்திரம் வரும்.

ஆனாலும் நியாயம் பேச வேண்டும். இப்போதெல்லாம் அடுப்பில் பால் வைக்கும்போதே டியூனரைப் போட்டுவிடுகிறேன். காப்பி குடித்து முடித்துவிட்டு முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தால் மதியம்வரை பெரிதாக அசைவதில்லை. அதன் பிறகு வரும் ஒலியை எப்படிச் சொல்வது! மாடியில் முக்கால் மீட்டர் அலுமினியக் குழாய்கள் இரண்டை எதிரெதிராகக் கட்டி ஆன்டெனா செய்ததிலிருந்து ஸ்டீரியோ விளக்கு சிமிட்டாமல் எரிகிறது. அறிவிப்பாளர் பேசத் தொடங்கும் முன் மூச்சிழுப்பது கேட்கிறது; கையிலுள்ள தாள் புரள்வது கேட்கிறது. கைபேசியில் இத்தனை நாள் கேட்டதும் இதே நிலையத்தைத்தானா என்று இருக்கிறது. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று இந்த ஊரில்தான் தொடங்கியது. என் டியூனரும் ஏறக்குறைய அந்த வயதுதான்.

இதைக் கேட்டுவிட்டுத்தான் நண்பர் ஒருவர் தானும் வாங்கப்போவதாகச் சொன்னார். ஜப்பானிலிருந்து பாதி விலைக்கு ஒன்று வருகிறதாம். டயலின் படத்தைப் பெரிதாக்கிப் பார் என்றேன். 76-இல் தொடங்கி 90-இல் முடிகிறது. 90.4-இல் இருக்கும் அண்ணா எஃப்.எம். மயிரிழையில் தவறிவிடும், சூரியனும் மிர்ச்சியும் அதற்கும் அப்பால். மின்சாரமும் 100 வோல்ட்தான் ஏற்கும். விற்பவர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. தெரிந்தே மறைப்பது அநியாயம்.

"அப்படியானால் 108 வரை போகும் கருவி கிடைத்தால் வாங்கலாமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். கண்டென்சர் மாற்றப் பலர் இருக்கிறார்கள். கருவி வைத்து அளந்து, காயிலை மயிரளவு திருகி, நிலையங்கள் சரியான இடத்தில் விழும்படி அலைன்மெண்ட் செய்யத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் ஒரே ஒருவர். அவருக்கு எழுபது வயதாகிறது. கண்ணும் முன்போல் இல்லை. அவரும் கடையை மூடிவிட்டால் இந்தப் பெட்டியை யாரிடம் கொண்டுபோவது?

நண்பருக்கு வருத்தம். இத்தனை குறை சொல்கிறாயே, உன்னுடையதையே எனக்குக் கொடுத்துவிடு, கேட்ட விலை தருகிறேன் என்றார்.

கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.