சிவப்புக்குக் கீழே சாம்பல்: கியூரியாசிட்டி படங்களோடு எட்டு வருடம்

ஆத்தங்குடியில் எங்களுக்குப் பூக்கல் பட்டறை; தரையில் பதிக்கும் பூவேலை ஓட்டைத்தான் பூக்கல் என்போம். ராத்திரி கணக்கு முடித்துவிட்டு, கியூரியாசிட்டி ரோவர் என்ற ஆய்வு வண்டி செவ்வாயிலிருந்து அனுப்பும் படங்களை நாசாவின் பக்கத்தில் பார்ப்பது 2017 கடைசியிலிருந்து என் வழக்கம். பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. படங்கள் மெருகேற்றாமல் வந்தபடியே இருக்கும், எனக்கு அதுதான் பிடித்தது.

முதல் ஆறு மாதம் ஒன்றும் பிடிபடவில்லை. எந்தக் கல்லைப் பார்த்தாலும் செம்மண் நிறம். ரோவரின் துளைக்கருவி அப்போது பழுது; 2018 மே மாதம்தான் மறுபடி கல்லைத் துளைத்தது. அதற்குள் பழைய படங்களைத் துழாவி 2013 பிப்ரவரிக்குப் போய்விட்டேன். ஜான் க்ளைன் என்று பெயர் வைத்த பாறையில் முதல் துளை: 1.6 செ.மீ. அகலம், 6.4 செ.மீ. ஆழம். சுற்றிலும் குவிந்த தூள் சாம்பல் நிறம்!

அப்பாவிடம் காட்டினேன். "நம்ம கல்லு மாதிரியே இருக்கேப்பா" என்றார். உண்மைதான். கண்ணாடி மேல் அச்சை வைத்து ஊற்றுகிற சிவப்புச் சாந்து மெல்லிய படலம்; அதன் மேல் போடுவது மணலும் சிமெண்டும்; திருப்பினால் சிவப்பு மேலே வரும். உடைந்த கல்லின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரியும், மிச்சமெல்லாம் சாம்பல். செவ்வாயிலும் துருவேறிய தூசிதான் மேலே கிடக்கிறது. அந்தச் சாம்பல் தூளை ரோவருக்குள்ளேயே எக்ஸ்ரே கதிரில் சோதித்தபோது குறைந்தது 20 சதவீதம் களிமண் கனிமம். தண்ணீர் இல்லாமல் அது உருவாகாது.

ரோவரின் லேசர் சுட்ட இடங்களும் படத்தில் வரிசையாகப் புள்ளி வைத்தாற்போலத் தெரியும். ஏழு மீட்டர் தூரம் வரை சுடும். ஆவியாகும் கல் விடுகிற ஒளியில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு நிறக்கோடு. ஆனால் அந்தக் கணக்கு படத்தில் வராது, ஆய்வுக் கட்டுரை வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போகும்போது இரண்டு வாரம் போலக் கட்டளையும் போகாது. அந்த நாட்கள் எனக்கு வெறிச்சென்று இருக்கும்.

2024 மே 30 அன்று ரோவரின் சக்கரம் ஏறி ஒரு கல் உடைந்தது. உள்ளே மஞ்சள் படிகங்கள், கலப்பில்லாத கந்தகம். அதுவரை அங்கே தெரிந்ததெல்லாம் வேறு தனிமங்களோடு சேர்ந்த கந்தகம்தான். அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன்!

புதிதாகப் பார்க்கிறவர்கள் துளையிட்ட நாட்களில் தொடங்குங்கள். கைபேசி வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள். தூளின் நிறம் அதில்தான் சரியாகத் தெரியும்.