கிலோமீட்டர் எண் ஓடாத பழைய லாரி: இருக்கிற மீட்டரைப் பிரிப்பதா, வேறு மாட்டுவதா?

எங்கள் பழைய லாரியில் வேக முள் ஒழுங்காக ஏறி இறங்கியது. கிலோமீட்டர் எண் மட்டும் நின்றுபோனது. முன்னால் மூன்று வழிகள் இருந்தன: அதே மீட்டரைப் பிரித்துச் சரிசெய்வது, பழைய உதிரிபாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடத்தில், வேறு வண்டியிலிருந்து கழற்றிய மீட்டர் வாங்குவது, புதிதாகவே போடுவது. முதல் வழியில்தான் போனேன். பழைய டாடா 407 போலக் கேபிளில் ஓடும் மீட்டர் உள்ள வண்டிக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

செலவுக்கு முன்னால் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் ஒன்றுதான், வேலை இரண்டு. அது சுழற்றும் காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுத்து முள்ளை நகர்த்துகிறது. அதே தண்டில் உள்ள வார்ம் கியர் (திருகு மாதிரிப் பல்) எண் சக்கரங்களைத் தள்ளுகிறது. முள், எண் இரண்டுமே செத்திருந்தால் கேபிள் அறுந்திருக்கும், இல்லை கியர்பாக்ஸ் பக்கத்தில் கேபிளைச் சுற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். மீட்டர் பின்னால் கேபிளைக் கழற்றிவிட்டு வண்டியை மெதுவாக உருட்டச் சொல்லுங்கள். உள்கம்பி சுற்றுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். முள் துள்ளினால் கேபிள் காய்ந்திருக்கும், அல்லது எங்காவது இறுக்கமாக மடிந்திருக்கும். முள் நன்றாக இருந்து எண் மட்டும் நின்றால், கேபிளைத் தொடவே வேண்டாம். மீட்டருக்குள் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும், அல்லது தண்டில் பிடிப்பு விட்டு வழுக்கும்.

புது மீட்டர் சுத்தமான வேலை. காசு கூட, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கழற்றிய மீட்டர் மலிவு. ஆனால் ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்றும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். வேறு வண்டியின் மீட்டர் திருகில் சரியாக உட்காரும். காட்டுவது மட்டும் தப்பாக இருக்கும். அதன் பல்சக்கரமும் உங்களுடையதைப் போலவே வயதானதுதான்.

பழையதையே பிரிக்கும்போது அந்தச் சுற்றுக் கணக்கு மாறுவதில்லை. மீட்டர் வேலை மட்டும் பார்க்கும் பட்டறைக்குப் போங்கள். பொது மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். முள்ளைக் கழற்றுவதிலும் திருப்பி அதே இடத்தில் வைப்பதிலும்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பல்சக்கரத்தை மாற்றச் சொல்லுங்கள். ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம். பசை தண்டுக்குள் இறங்கினால் மீட்டரே இறுகிவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புக் கணக்கு. விற்கும்போது விலை வரும் என்பதற்காக இதைச் செய்யவில்லை. இத்தனை வயதான லாரியில் மீட்டர் எண்ணை நம்பி யாரும் விலை பேசுவதில்லை; இன்ஜின் சத்தம், சேஸிஸ், டயர், எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி, இவைதான் பேச்சு. ஆனால் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பின் அச்சுப் பல்சக்கரங்களுக்கான கிரௌன் ஆயில், டயர் மாற்றிப் போடுவது எல்லாம் நோட்டில் கிலோமீட்டர் போட்டுத்தான் எழுதியிருக்கிறோம். டேங்க் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை டீசலால் வகுத்தால் மைலேஜ் தெரியும். அது திடீரென்று இறங்கினால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று அன்றைக்கே தேடலாம். எண் அறுந்தால் இந்த எச்சரிக்கையும் அறுந்துபோகும். வேறு மீட்டர் போட்டு, பழைய எண்ணைக் குறித்துவைத்துக் கூட்டிக்கொள்ளலாமே என்பார்கள். சொந்தமாக ஓட்டுபவருக்குச் சரி. டிரைவர் மாறினால் யார் எந்த எண்ணோடு எதைக் கூட்டினார் என்று நோட்டு குழம்பிவிடும்.

மீட்டர் மாற்றியே தீர வேண்டும் என்றால், பழைய எண்ணையே அதில் வைக்கச் சொல்லி, பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். குறைத்து வைக்கச் சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவது; அதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

ஜி.பி.எஸ். மீட்டரை நான் மாட்டி ஓட்டியதில்லை, அதனால் இந்த வரிசையில் சேர்க்கவில்லை.

மாட்டியபின் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லோடு பத்து கிலோமீட்டர் ஒப்பிட்டுப் பாருங்கள். 7.50-16 டயருக்குப் பதில் 8.25-16 போட்டிருந்தால் சக்கரம் பெரிது. மீட்டர் குறைத்துத்தான் காட்டும், அது பட்டறைக்காரர் தப்பில்லை. கேபிளுக்கு கிரீஸ் போடும்போது கியர்பாக்ஸ் பக்கத்துக் கீழ்ப்பகுதிக்கு மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். மேல்முனை வரை பூசினால் அது சுற்றிச் சுற்றி மீட்டருக்குள்ளேயே ஏறிவிடும்.