மாவில் தோய்த்துப் பொரித்த மீன்: மைதாவா, கடலை மாவா, அரிசி மாவா?

வீட்டில் மாவில் தோய்த்து மீன் பொரிக்கும் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வாணலியில் ஒரு ஈடுக்கு மூன்று நான்கு துண்டுதான் கொள்ளும், அரைக் கிலோ மீன் என்றால் மூன்று நான்கு ஈடு போட வேண்டும், கடைசி ஈட்டை எடுத்து வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது முதல் ஈடு நமுத்துப் போயிருக்கும். கடைக்காரருக்கு இந்தக் கவலை இல்லை, அவர் எண்ணெயிலிருந்து எடுத்ததும் நேராக நம் தட்டில் போடுகிறார். அதனால் எந்த மாவு நல்லது என்பதை வாணலியிலிருந்து எடுத்த நிமிடமே கடித்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. அப்போது எல்லா மாவும் மொறுமொறுவென்றுதான் இருக்கும். கால் மணி நேரம் கழித்துக் கடித்துப் பாருங்கள், வித்தியாசம் அப்போது தெரியும்.

அந்தக் கணக்கை வைத்துத்தான் மூன்று மாவையும் அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்த்தேன். மூன்றுக்கும் கொடுவா மீன், தோலும் முள்ளும் எடுத்து விரல் தடிமனுக்கு வெட்டியது. அதே வாணலி, அதே கடலெண்ணெய் (ஒவ்வொரு முறையும் புதிது). ஒவ்வொரு மாவிலும் ஒரு துண்டைச் சுடச்சுடவும், ஒரு துண்டைப் பதினைந்து நிமிடம் வைத்தும் சாப்பிட்டோம். மசாலா தடவித் தவாவில் போடும் நம் ஊர் வறுவல் இந்தப் போட்டியில் சேராது, அதன் ருசி வேறு, அதன் கணக்கும் வேறு.

முதலில் மைதாவும் சோடாவும். இது இங்கிலாந்தின் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைகளின் வழி. காட், ஹேடாக் போன்ற வெள்ளைச் சதை மீனைத் தடித்த துண்டாக எடுத்து, கோதுமை மாவில் தண்ணீரோ பீரோ கலந்த கரைசலில் முக்கி, ஆழமான எண்ணெயில் போடுவார்கள். வடக்கு இங்கிலாந்தில் இன்றும் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் இருக்கின்றன. ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் போன யூதர்கள்தான் அங்கே மீன் பொரிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். இந்த மாவின் பலம் குமிழிதான். சோடாவிலோ பீரிலோ இருக்கும் வாயு சூட்டில் விரிந்து மாவைப் பஞ்சு மாதிரி உப்ப வைக்கிறது, ஈரம் சீக்கிரம் வெளியேறுகிறது, மெல்லிய சுவர்கள் கொண்ட ஓடு கிடைக்கிறது. பீரில் இருக்கும் கொஞ்சம் ஆல்கஹால் கூடுதல் உதவி, தண்ணீரைவிட வேகமாக ஆவியாகிவிடும். ஹெஸ்டன் புளூமெந்தால் என்ற பிரிட்டிஷ் சமையல்காரர் இதே காரணத்துக்காக மாவில் வோட்காவே ஊற்றினார், கூடவே அரிசி மாவும் சேர்த்தார் என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டுச் சமையலுக்கு பீரும் வோட்காவும் தேவையில்லை, பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா சோடாவே போதும். ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்ததாக இருக்க வேண்டும், உடைத்த உடனே ஊற்ற வேண்டும்.

சுடச்சுட அது ராஜா, மறுக்கவே முடியாது. பொன்னிறத்தில் உப்பி, கடித்தால் ஓடு நொறுங்கி, உள்ளே மீன் ஆவி பறக்க வெந்து, மூன்றிலும் பார்க்க அழகு இதுதான். ஆனால் பதினைந்து நிமிடத்தில் அடிப்பக்கம் தோல் மாதிரி ஆகிவிட்டது. காரணம் எளிது. மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீர் பட்டதும் குளூட்டனாகிறது, பரோட்டா மாவு இழுத்தால் நீள்வதற்குக் காரணம் அதேதான். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், மீனுக்கு வேண்டாம். வெந்த மீனிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும், அந்த ஈரத்தை வாங்கியதும் குளூட்டன் ஓடு நொறுங்காமல் சவ்வாகிவிடும். மாவை அதிகம் கலக்காமல், கட்டி இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் தள்ளித்தான் போகும். இங்கிலாந்துக் கடைகளில் இது குறையாகத் தெரிவதில்லை. அங்கே தாளில் சுற்றி வாங்கி, மால்ட் வினிகரைத் தாராளமாக ஊற்றி அப்போதே சாப்பிடுகிறார்கள், கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்ற தேவையே அந்த மாவுக்கு வரவில்லை.

அடுத்தது கடலை மாவு. நமக்கு இது பஜ்ஜி மாவு, பஞ்சாபில் இதுதான் அமிர்தசரி மீன். அங்கே பெரும்பாலும் ஆற்று மீனை எடுத்து இஞ்சி, பூண்டு, மிளகாய்த் தூள், எலுமிச்சை, ஓமம் எல்லாம் பிசிறி ஊற வைத்து, கடலை மாவைக் கெட்டியாகப் பூசிப் பொரிக்கிறார்கள், எடுத்ததும் மேலே சாட் மசாலா தூவி, புதினாச் சட்னியும் வெங்காயமும் வைத்துத் தருகிறார்கள். ஓமம் வெறும் வாசனைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், மீனின் கவிச்சி வாடையை அது அடக்கும் விதமே தனி. ஒரு முறை போட்டுப் பார்த்தவர்கள் பிறகு விட மாட்டார்கள்.

ருசியில் மூன்றிலும் முதலிடம் இதற்குத்தான். மைதாவுக்கும் அரிசி மாவுக்கும் சொந்த ருசி என்று பெரிதாக எதுவும் கிடையாது, மசாலாவும் சாஸும்தான் காப்பாற்ற வேண்டும். கடலை மாவு தானாகவே மணக்கிறது. மொறுமொறுப்பு? பஜ்ஜி ஆறினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. இன்னொரு சிக்கல், கடலை மாவில் புரதம் அதிகம், அதனால் சீக்கிரம் சிவந்துவிடும், நிறத்தைப் பார்த்து எடுத்தால் மேலே கருகலும் உள்ளே அரைவேக்காடுமாக வந்து நிற்கும், அதிலும் துண்டு தடிமனாக இருந்தால் நிச்சயம். நாலு பங்கு கடலை மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்து, முதல் முறை முக்கால் வேக்காட்டில் எடுத்து வைத்து, சாப்பிடும் நேரத்தில் எண்ணெயை நன்றாகக் காயவிட்டு ஒரு நிமிடம் மறுபடி போட்டு எடுத்தால் பிரமாதமாக வரும். ஆனால் இரண்டாம் முறைக்கு அடுப்படியில் ஒருவர் நிற்க வேண்டும், அது எப்போதும் சமைக்கிற அந்த ஒருவராகத்தான் இருக்கும் என்பதுதான் எனக்கு இதில் பிடிக்காதது.

இனி அரிசி மாவு. என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரிசியில் குளூட்டன் கிடையாது. எவ்வளவு கலக்கினாலும் சவ்வாகாது, எண்ணெயும் மைதா அளவுக்குக் குடிக்காது, பொரிந்ததும் ஓடு கெட்டியாக, உடையும் தன்மையோடு நிற்கும், ஈரம் பட்டாலும் சட்டென்று தளராது. முறுக்கும் தட்டையும் நாள் கணக்கில் கரகரவென்று இருப்பது எந்த மாவில் என்று யோசித்தால் போதும். ஆனால் வெறும் அரிசி மாவு மட்டும் போட்டு ஏமாந்தேன். கரைசல் நிற்கவே இல்லை, மாவு அடியில் போய்ப் படிந்தது, மீனில் ஒட்டாமல் வழிந்தது, ஒட்டிய இடமும் பொரிந்ததும் வெடித்து விட்டுப்போனது. பல்லுக்கும் கடினம். ஒட்டுவதற்குக் கொஞ்சம் மைதா வேண்டும், கடினத்தைக் குறைக்கக் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் வேண்டும்.

இப்போது என் அளவு இது: அரைக் கிலோ மீனுக்கு அரிசி மாவு 100 கிராம், மைதா 50 கிராம், கார்ன்ஃப்ளார் 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு, குளிர்ந்த சோடா சுமார் 200 மில்லி. சோடாவை ஒரேயடியாக ஊற்றாதீர்கள், முக்கால் பங்கை ஊற்றிவிட்டுப் பதம் பாருங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லிய படலமாக ஒட்டி நிற்க வேண்டும், பஜ்ஜி மாவைவிடக் கொஞ்சம் தளர்வு. இடியாப்ப மாவு பாக்கெட் போட்டால் சோடா கூடுதலாகக் கேட்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே வறுத்தோ அவித்தோ வைத்த மாவு. வறுக்காத, நைசாக அரைத்த பச்சரிசி மாவுதான் சரி; நறநறவென்று இருக்கும் கோல மாவு பக்கம் போகவே வேண்டாம். கடையில் சோள மாவு என்று கேட்டால் மஞ்சள் மக்காச்சோள மாவைத் தந்துவிடுவார்கள், நமக்கு வேண்டியது விரலில் நசுக்கினால் கிறீச்சிடும் வெள்ளைக் கார்ன்ஃப்ளார். அப்புறம், அரிசி மாவு மைதா அளவுக்குச் சிவக்காது. பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் மீன் வறண்டுவிடும். சத்தத்தைக் கேளுங்கள், சடசடப்பு அடங்கி, குமிழி குறைந்தால் எடுத்துவிடலாம்.

பதினைந்து நிமிடம் கழித்து இதைக் கடித்தபோது சத்தம் கேட்டது. அரை மணி கழித்து ஒரு துண்டு மிச்சம் இருந்தது, அதுவும் ஓரங்களில் மொறுமொறுவென்றுதான் இருந்தது. மைதா அளவுக்கு உப்பவில்லை, கடலை மாவின் மணம் இல்லை, இரண்டும் உண்மை. மணத்துக்கு நான் மாவில் ஒரு சிட்டிகை ஓமத்தைக் கசக்கிப் போடுகிறேன், அமிர்தசரஸிடம் கடன் வாங்கியது.

முட்டையில் தோய்த்து ரஸ்கு தூளிலோ ரவையிலோ புரட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள். மொறுமொறுப்பு நன்றாக நிற்கும், ஆனால் அது கட்லெட் வழி, மூன்று தட்டு, ஒட்டும் விரல்கள், கருகிய தூள் மிதக்கும் எண்ணெய். பத்துப் பேருக்குச் செய்யும்போது எனக்குப் பொறுமை இல்லை.

எந்த மாவாக இருந்தாலும் மீனில் ஈரம் இருந்தால் எல்லாம் வீண். ஒரு முறை உறவினர்கள் வந்த அவசரத்தில் கழுவிய மீனை வடியவிடாமல் அப்படியே முக்கிப் போட்டேன். ஓடு தனியாகவும் மீன் தனியாகவும் எண்ணெயில் மிதந்தன, அன்றைய மனக்கஷ்டம் இன்னும் மறக்கவில்லை. இப்போது உப்பும் மிளகாய்த் தூளும் பிசிறிப் பதினைந்து நிமிடம் வைத்து, உப்பு இழுத்துவிட்ட தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த மாவில் ஒரு புரட்டு புரட்டி, உதறிவிட்டு அப்புறம்தான் கரைசல். எண்ணெய் 180 டிகிரி இருந்தால் நல்லது. வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு விடுங்கள், அடிக்குப் போகாமல் உடனே பொரிந்து மேலே வர வேண்டும். ஒரு ஈடுக்கு நாலு துண்டுக்கு மேல் போட்டால் சூடு சரிந்து மாவு எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிடும்.

எடுத்து வைக்கும் இடமும் முக்கியம். செய்தித்தாளில் அடுக்கினால் அடியில் ஆவி தங்கி, நல்ல மாவும் நமுத்துவிடும், அச்சு மையும் ஒட்டும். கம்பி வலைத் தட்டு, இல்லையென்றால் இட்லிப் பானைக்குள் வைக்கும் துளைத் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். மூடி போடவே கூடாது.

மீனில் கொடுவா, விரால் இரண்டும் இதற்கு அருமை. உறையவைத்த பாசா மலிவுதான், ஆனால் உருகும்போது அவ்வளவு தண்ணீர் விடும், இரண்டு மடங்கு ஒற்ற வேண்டும். வஞ்சிரத்தை மட்டும் இதில் போடாதீர்கள், அந்த விலை கொடுத்து வாங்கிய மீனின் ருசியை மாவுக்குள் ஒளிப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. கிழங்கானும் நெத்திலியும் வேறு கதை. அவற்றுக்குக் கரைசலே வேண்டாம், அரிசி மாவும் கடலை மாவும் சம அளவு கலந்து, மசாலா பிசிறிய ஈரத்திலேயே புரட்டிப் போட்டால் போதும். இரண்டே நிமிடத்தில் ஆகிவிடும். அதைத் தட்டில் அடுக்கிக் கடைசி ஈடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வீட்டில் இருப்பவர்களை அடுப்படிக்கே வரச் சொல்லுங்கள்.